1000 ரன்னில் 137 தோல்வி: அவற்றை எடுத்துவிட்டு பி90 சொல்லலாமா? (புவிவெப்பக் கிணறு, மான்டே கார்லோ)

அடிக்குழாய் (கேள்வி)

நீர் மிகுந்த புவிவெப்பக் கிணறு ஒன்றின் ஓட்டத்தை நிச்சயமின்மையோடு கணக்கிட வேண்டும். செங்குத்துக் கிணறு, மொத்த ஆழம் 1700 மீட்டர். 9⅝ அங்குல உற்பத்திக் கேசிங் 750 மீட்டர் வரை, அதற்குக் கீழே 7 அங்குல ஸ்லாட்டட் லைனர். ஃபீட் சோன் (பாறையிலிருந்து கிணற்றுக்குள் நீர் வரும் இடம்) இரண்டு. மேலே 820 மீட்டரில் ஒன்று: 42 பார், 250 டிகிரி. கீழே 1560 மீட்டரில் முதன்மையானது: 100 பார், 255 டிகிரி. நான் தரும் அழுத்தம் எல்லாமே அப்சல்யூட் (வளிமண்டல அழுத்தத்தையும் சேர்த்து).

சிமுலேட்டர் பைதானில் எழுதியது. அடியிலிருந்து மேல்நோக்கி 10 மீட்டர் படிகளில் அழுத்தத்தையும் என்தால்பியையும் (ஒரு கிலோவிலுள்ள வெப்ப ஆற்றல்) கணக்கிட்டுக்கொண்டு வரும். நீரின் பண்புகளுக்கு ஐஏபிடபிள்யூஎஸ்-ஐஎஃப்97, இரு-கட்ட (நீரும் நீராவியும் கலந்த) ஓட்டத்துக்கு டிரிஃப்ட்-ஃபிளக்ஸ் (நீராவி நீரைவிட வேகமாகப் போவதைக் கணக்கில் எடுக்கும் முறை). வெல்ஹெட் (கிணற்று வாய்) அழுத்தம் 8 பார் என்று நிறுத்தி, அதற்கு எத்தனை கிலோ/வினாடி ஓடும் என்பதை 50-இல் தொடங்கி நியூட்டன் முறையில் தேடுகிறேன்.

மான்டே கார்லோ என்பதால் உள்ளீடுகளைக் குலுக்கி எடுத்து மறுபடி மறுபடி ஓட்டுகிறேன். சாம்பிள் எடுத்தது இப்படி: ஒவ்வொரு சோனின் அழுத்தத்துக்கும் நியமவிலக்கம் 3 பார், வெப்பநிலைக்கு 6 டிகிரி, எல்லாம் தனித்தனியாக. உற்பத்தித்திறன் எண் (இனி பிஐ என்கிறேன்) இன்ஜெக்‌ஷன் சோதனையை வைத்து: கீழ்ச் சோனுக்கு 2 முதல் 9, மேல் சோனுக்கு 0.5 முதல் 3 கிலோ/வினாடி/பார், சீரான பரவல். கார்பன் டைஆக்சைடு எடையில் 0.1 முதல் 0.6 சதவீதம். குழாயின் சொரசொரப்பு 0.045 முதல் 0.5 மி.மீ. லாட்டின் ஹைப்பர்கியூப் (ஒவ்வொரு மாறியின் வரம்பையும் சமமாகப் பிரித்துக் குலுக்கும் முறை), 1000 ரன்.

137 ரன் ஒன்றுகூடாமல் நின்றுவிட்டது. அவற்றை நீக்கிவிட்டு மிச்சம் 863-ஐ வரைந்தால் பி90 (90 சதவீத வாய்ப்பில் மிஞ்சும் ஓட்டம்) 33, பி50 50, பி10 60 கிலோ/வினாடி. ஆனால் ஹிஸ்டோகிராமில் இரண்டு மேடு: ஒன்று 55 அருகே, இன்னொன்று 36 அருகே. 36 பக்கத்துக் கூட்டத்தில் என்தால்பி 1500-க்கும் மேலே போகிறது.

கிணற்றில் அவுட்புட் சோதனையும் செய்திருக்கிறார்கள். 6.2 பாரில் 58, 9.1 பாரில் 52, 12.4 பாரில் 39 கிலோ/வினாடி. என்தால்பி சுமார் 1150 கிலோஜூல்/கிலோ. இதை இதுவரை கணக்கில் சேர்க்கவில்லை, கடைசியில் ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்தேன்.

தோற்ற ரன்களை நீக்கியது சரியா? இரண்டு மேடு எங்கிருந்து வருகிறது? 1000 ரன் போதுமா?

வெந்நீர்த்தூண்

முதல் கேள்விக்கு: கூடாது. தோற்ற ரன் இரண்டு ஜாதி. ஒன்று, கணக்கு முறை தடுமாறியது. மற்றொன்று, அந்த சாம்பிளில் கிணறு 8 பாருக்கு எதிராக ஓடவே ஓடாது, ஆகவே விடையே இல்லை. இரண்டாவது ஜாதியை நீக்கினால் மோசமான கிணறுகளை மட்டும் பொறுக்கி வெளியே போட்டுவிட்டு மிச்சத்துக்குச் சராசரி எடுத்த மாதிரி. பி90 தானாகவே அழகாகிவிடும்.

எது எந்த ஜாதி என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். கீழ்ச் சோனின் பிஐ ஒரு அச்சில், அழுத்தம் மறு அச்சில் வைத்து, தோற்ற 137-ஐ மட்டும் சிவப்புப் புள்ளியாகப் போடுங்கள். எல்லாம் குறைந்த பிஐ, குறைந்த அழுத்த மூலையில் குவிந்தால் அது இயற்பியல். பரவலாகச் சிதறிக் கிடந்தால் உங்கள் கோடில் கோளாறு.

நியூட்டன் தேடலையே விட்டுவிடுங்கள். ஒரு குறிப்பிட்ட வெல்ஹெட் அழுத்தத்துக்கு இரண்டு ஓட்டம் விடையாக வரலாம். திரவம் ஊட்டும் கிணற்றின் அவுட்புட் வளைகோடு குறைந்த ஓட்டத்தில் கீழே இருந்து ஏறி, உச்சிக்குப் போய், பிறகு இறங்கும். அந்த உச்சிதான் அதிகபட்ச வெளியேற்ற அழுத்தம். உச்சிக்கு இடப்பக்கக் கிளை நிலையற்றது, கிணறு அங்கே நிற்காது. நியூட்டன் எந்தக் கிளையில் போய் விழும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. உச்சிக்கு அருகே சரிவு பூஜ்யமாவதால் எங்காவது தூக்கி எறியும். அதற்குப் பதில், ஒவ்வொரு சாம்பிளுக்கும் மொத்த ஓட்டம் 5-இல் தொடங்கி 5 கிலோ படியாக 100 வரை கொடுத்து வெல்ஹெட் அழுத்தத்தைக் கணக்கிடுங்கள். முழு வளைகோடும் கையில் இருக்கும். உச்சி 8 பாருக்குக் கீழே என்றால் அந்த சாம்பிளின் ஓட்டம் பூஜ்யம், வெற்றிடம் அல்ல. உச்சி மேலே இருந்தால் வலக்கிளையில் 8 பாரை வெட்டும் இடத்தை இடைக்கணிப்பில் எடுங்கள். ரன் எண்ணிக்கை 20 மடங்காகும், ஆனால் ஒரு ரன் வினாடியின் சிறு பகுதிதானே.

அதிக ஓட்டத்தில் சில ரன் நடுவழியில் அழுத்தம் தீர்ந்து நிற்கும். அது வளைகோட்டின் வலது எல்லை, பிழை இல்லை.

நிஜமான கணக்குக் கோளாறு வழக்கமாக மூன்று இடத்தில். ஃபிளாஷ் (நீர் கொதித்து நீராவி பிரிவது) தொடங்கும் இடத்தில் 10 மீட்டர் படி ரொம்பப் பெரிசு. ஒரு திருத்தத்தில் திரவம், மறு திருத்தத்தில் கலவை என்று படி இரண்டுக்கும் நடுவே ஊசலாடும். கொதிநிலை அழுத்தத்தைத் தொடும் ஆழத்தைத் தனியாகக் கண்டுபிடித்து படியை அங்கே முடியுங்கள், அதற்கு மேல் கொஞ்ச தூரம் 1 மீட்டர் படி. இரண்டாவது 750 மீட்டரில் குழாய் விட்டம் மாறும் இடம்: முடுக்க அழுத்த இழப்பை அந்தப் படியில் சராசரி விட்டத்துக்குப் போட்டால் தவறு, அங்கே படியை முறித்து இருபுறமும் வேகத்தைத் தனித்தனியாக எடுக்க வேண்டும். மூன்றாவது மேல் சோன். கிணற்றுக்குள் அழுத்தம் சோனின் அழுத்தத்தைவிட அதிகமானால் ஓட்டம் தலைகீழாகி, கிணற்று நீர் பாறைக்குள் போகும். அப்போது போகிற நீரின் என்தால்பி கிணற்றுடையது, சோனுடையது அல்ல. பெரும்பாலான சொந்தக் கோடுகளில் இந்த ஒரு வரி இருக்காது.

ஒவ்வொரு ரன்னும் வெளியேறும்போது ஒரு காரணக் குறியீடு எழுதட்டும்: ஓடியது, உச்சி போதவில்லை, பண்பு வரம்பு மீறல், திருத்த எண்ணிக்கை தீர்ந்தது. இது இல்லாமல் மான்டே கார்லோ ஓட்டுவது கண்ணைக் கட்டிக்கொண்டு எண்ணுவதுதான்.

அழுத்தமானி

இரண்டு மேட்டுக்குக் காரணம் உங்கள் சாம்பிள் எடுத்த விதத்திலேயே இருக்கிறது.

மேல் சோன் 42 பார், 250 டிகிரி. 250 டிகிரியில் நீரின் கொதிநிலை அழுத்தம் 39.8 பார். அதாவது சோன் கொதிநிலைக்கு 2.2 பார் மேலே மட்டும் நிற்கிறது. அந்த இடத்தில் ஒரு டிகிரி கூடினால் கொதிநிலை அழுத்தம் சுமார் 0.7 பார் கூடும். நீங்கள் வெப்பநிலைக்கு 6 டிகிரி விலக்கம் கொடுத்ததால் அது 4.1 பாருக்குச் சமம்; அழுத்தத்தின் 3 பாரையும் சேர்த்தால் இடைவெளியின் நியமவிலக்கம் 5.1 பார். சராசரி 2.2, விலக்கம் 5.1 என்றால் மூன்றில் ஒரு பங்கு சாம்பிளில் இடைவெளி எதிர்மறை. ஐஎஃப்97-க்கு அழுத்தமும் வெப்பநிலையும் கொடுத்தால் அதற்குத் தெரிந்தது இரண்டே பதில்: திரவம் அல்லது நீராவி. கலவை என்று சொல்ல அதற்கு வழியே இல்லை. ஆக மூன்றில் ஒரு பங்கு ரன்னில் மேல் சோன் 2800 கிலோஜூலுக்கு உலர்ந்த நீராவியை ஊட்டுகிறது, அதுவும் திரவத்துக்கான அதே பிஐ-யில். நீராவியின் கனஅளவு கேசிங்கில் உராய்வை ஏற்றிவிடுகிறது, மொத்த ஓட்டம் 36-க்கு விழுகிறது, என்தால்பி 1500-ஐத் தாண்டுகிறது. உங்கள் இரண்டாவது மேடு அதுதான்.

அழுத்தம்–வெப்பநிலை ஜோடியை விட்டு அழுத்தம்–என்தால்பி ஜோடிக்கு மாறுங்கள். 250 டிகிரி திரவத்தின் என்தால்பி 1086. மேல் சோனுக்கு 1050-இல் தொடங்கி வலப்பக்கம் கொஞ்சம் நீண்ட பரவல் கொடுத்தால் கலவை நிலை தானாக வரும், துள்ளல் இருக்காது. பிஐ-யையும் கிலோ/வினாடி/பாரில் நிலையாக வைக்காமல், கனமீட்டர் அலகில் வைத்து ஒவ்வொரு கட்டத்தின் அடர்த்தி, சார்பு ஊடுதிறன் ஆகியவற்றால் பெருக்கி, பாகுநிலையால் வகுங்கள். ஹோலா என்ற கிணற்று சிமுலேட்டர் இப்படித்தான் கேட்கும். உதாரணமாக 250 டிகிரி திரவத்தில் 5 கிலோ/வினாடி/பார் என்பது: 5ஐ 10^5 பாஸ்கலால் வகுத்து, பாகுநிலை 1.06×10^-4 பாஸ்கல்-வினாடியால் பெருக்கி, அடர்த்தி 799-ஆல் வகுத்தால் சுமார் 6.6×10^-12 கனமீட்டர். அடுக்கு -12 வரவில்லை என்றால் பாரை பாஸ்கலாக மாற்ற மறந்திருக்கிறீர்கள்.

இன்னொன்று, இது யாரும் கவனிக்காத இடம். இரண்டு சோனுக்கும் அழுத்த வித்தியாசம் 58 பார், ஆழ வித்தியாசம் 740 மீட்டர். 799 கிலோ/கனமீட்டர் நீர்த் தூண் 740 மீட்டருக்கு எவ்வளவு? 799 × 9.81 × 740, சரியாக 58 பார். அதாவது மூடிய கிணற்றில் இரண்டு சோனும் ஏறக்குறைய சமநிலையில் இருக்கின்றன. நீங்கள் இரண்டு அழுத்தத்தையும் தனித்தனியாக 3 பார் விலக்கத்தில் எடுத்ததால் வித்தியாசத்துக்கு 4.2 பார் விலக்கம் வந்துவிட்டது. பாதி சாம்பிளில் மூடிய கிணற்றுக்குள் நீர் மேல்நோக்கியும், பாதியில் கீழ்நோக்கியும் பாய்கிறது. உங்கள் மூடிய கிணற்று வெப்பநிலை லாக் எது நடக்கிறது என்பதை ஏற்கெனவே சொல்லியிருக்கும். இரண்டுக்கும் பொதுவான பிழை ஒன்று 3 பார், வித்தியாசத்துக்குத் தனியாக 0.5 பார் என்று எடுங்கள். ஒரே கேஜில் ஒரே இறக்கத்தில் அளந்த இரண்டு எண்களுக்குத் தனித்தனிப் பிழை வைப்பது நியாயமும் இல்லை.

அடிக்குழாய்

இரண்டு பேர் சொன்னதையும் மாற்றி ஓட்டினேன். இரண்டாவது மேடு காணாமல் போயிற்று. கணக்குக் கோளாறு இப்போது 3 ரன் மட்டும். ஆனால் 118 ரன்னில் உச்சி 8 பாரைத் தொடவில்லை, எல்லாம் அந்த மூலையில்தான். அவற்றுக்குப் பூஜ்யம் போட்டால் 1000-இல் 118 பூஜ்யம், அதாவது பி90 = 0. ஓடிக்கொண்டிருக்கும் கிணற்றுக்கு பி90 பூஜ்யம் என்று எப்படி எழுதுவது?

மூன்றுபுள்ளி

எழுத முடியாது, எழுதவும் கூடாது. வெந்நீர்த்தூண் சொன்னதில் பாதியை மறுக்கிறேன். அந்த 118 சாம்பிளையும் நீக்கத்தான் வேண்டும். சிமுலேட்டர் தோற்றதற்காக அல்ல, அவுட்புட் சோதனை அவற்றைப் பொய் என்று காட்டுவதற்காக. 12.4 பாரில் 39 கிலோ ஓடிய கிணறு 8 பாரில் ஓடாது என்று சொல்லும் சாம்பிளுக்கு இங்கே இடமில்லை. அதே அளவுகோலை ஓடிய சாம்பிள்களுக்கும் வைக்க வேண்டும், அதுதான் முக்கியம். 8 பாரில் 80 கிலோ தரும் சாம்பிளும் அதே அளவு பொய். நீங்கள் சோதனையைக் கடைசி ஒப்பீட்டுக்கு வைத்ததுதான் சிக்கலின் வேர்.

செய்முறை சிக்கலானதல்ல. ஒவ்வொரு சாம்பிளுக்கும் முழு வளைகோடு இருக்கிறது. மூன்று அழுத்தத்திலும் கணித்த ஓட்டத்துக்கும் அளந்த ஓட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அளவீட்டுப் பிழையால் வகுத்து, வர்க்கம் எடுத்துக் கூட்டுங்கள். என்தால்பிக்கும் அதே. கூட்டுத்தொகையின் பாதியை எதிர்மறையாக்கி e-யின் அடுக்காகப் போட்டால் அந்த சாம்பிளின் எடை. எடை போட்டு சதமானம் எடுங்கள்.

இதில் மூன்று குழி உண்டு.

முதலாவது, மூன்று புள்ளியின் பிழையும் தனித்தனி அல்ல. லிப் பிரஷர் முறையில் (வெளியேற்றக் குழாயின் விளிம்பில் அழுத்தம் பார்த்து ஓட்டம் கணிப்பது) அளந்திருந்தால் ஒரே குழாய், ஒரே கேஜ், பிரிந்த நீரை அளக்கும் ஒரே வியர் பெட்டி. அந்த முறைக்கான ஜேம்ஸ் சூத்திரத்தில் ஓட்டம் லிப் அழுத்தத்தின் 0.96 அடுக்குக்கு நேராகவும் என்தால்பியின் 1.102 அடுக்குக்கு எதிராகவும் போகும். கேஜ் 4 சதவீதம் கூடக் காட்டினால் மூன்று புள்ளியும் சேர்ந்து கூடும். ஆகவே மூன்றுக்கும் பொதுவான பெருக்கல் பிழை ஒன்றையும் ஒரு நிச்சயமற்ற அளவாகச் சேர்த்து சாம்பிள் எடுங்கள். இல்லாவிட்டால் எடை தேவையில்லாமல் கூர்மையாகும்.

இரண்டாவது, 1000 சாம்பிளில் எடை தாங்குவது எத்தனை என்று பாருங்கள். எடைகளை மொத்தம் 1 ஆகும்படி சரிசெய்து, வர்க்கங்களைக் கூட்டி, அதன் தலைகீழை எடுத்தால் பயனுள்ள சாம்பிள் எண்ணிக்கை. அது 30, 40 என்று வந்தால் ஆச்சரியப்படாதீர்கள். அதை வைத்து பி90 சொல்ல முடியாது. 20,000 சாம்பிளுக்குப் போங்கள், அல்லது மார்கோவ் சங்கிலி முறைக்கு மாறுங்கள்.

மூன்றாவது, உங்கள் டிரிஃப்ட்-ஃபிளக்ஸ் சூத்திரமும் ஒரு நிச்சயமின்மைதான். ஹேகடார்ன்–பிரவுன், ஆர்கிஸ்ஜெவ்ஸ்கி, டன்ஸ்–ராஸ் எல்லாம் எண்ணெய்க் கிணற்றிலிருந்தும் ஆய்வகக் குழாயிலிருந்தும் வந்தவை. புவிவெப்பக் கிணற்றின் விட்டமும் ஓட்டமும் அவற்றின் தரவு எல்லைக்கு வெளியே போவது சாதாரணம். எந்த ஒன்றும் எல்லாக் கிணற்றுக்கும் சரிவராது. மூன்று நான்கு சூத்திரங்களை ஒரு எண்ணிட்ட மாறியாக வைத்து ஒவ்வொரு ரன்னிலும் ஒன்றைக் குலுக்கி எடுங்கள். சோதனைத் தரவு தானே எடையைத் தீர்மானிக்கும். இதைச் செய்யாமல் ஒரே சூத்திரத்தைப் பொருத்தினால் அந்தச் சூத்திரத்தின் தவறை பிஐ சுமக்கும்.

பிஐ-யின் சீரான பரவலையும் மாற்றுங்கள். ஊடுதிறன் சார்ந்த அளவு, லாக்-நார்மல்தான் பொருந்தும். இன்ஜெக்‌ஷன் சோதனையிலிருந்து நேராக எடுப்பதும் ஆபத்து. 20 டிகிரி நீரின் பாகுநிலை 250 டிகிரி நீரைவிட ஒன்பது மடங்குக்கும் மேல். அடர்த்தியையும் சேர்த்து வெறும் சூத்திரப்படி மாற்றினால் பிஐ 7.5 மடங்கு ஏறும். ஆனால் குளிர்ந்த நீர் கிணற்றைச் சுற்றிக் கொஞ்ச தூரத்துக்குத்தான் குளிராக இருக்கிறது, கூடவே பாறையைச் சுருக்கி விரிசலைத் திறக்கிறது. இரண்டு விளைவும் எதிரெதிர். அதனால் இன்ஜெக்‌ஷன் எண்ணை மையமாக மட்டும் வைத்து, இருபுறமும் மூன்று மடங்கு வரை தளர விடுங்கள். இறுக்குவதை அவுட்புட் சோதனை செய்யட்டும்.

ஒன்று சொல்ல வேண்டும்: கிணறு ஓடும்போது அழுத்தம், வெப்பநிலை, ஓட்டவேகம் அளக்கும் பிடிஎஸ் கருவியை ஒரே ஒரு முறை 1600 மீட்டர் வரை இறக்கியிருந்தால் இந்தத் திரியில் பாதி தேவைப்பட்டிருக்காது.

நடுவில்வந்தவர்

ஒரு சின்னக் கேள்வி. இத்தனை பாடு எதற்கு, ரிசர்வாயரோடு கிணற்றையும் சேர்த்தே தீர்க்கும் டி2வெல் மாதிரி ஒன்றை ஓட்டிவிடலாமே?

அழுத்தமானி

ஒரு ரன்னுக்கு ஓட்டலாம். கிணற்றையும் பாறையையும் ஒரே வலையில் வைத்தால் கிணற்றுக் கட்டங்களில் வேகம் அதிகம், நேரப் படி சுருங்கும். 20,000 ரன் நினைத்துப் பார்க்க முடியாது. நடைமுறையில் கிணற்று சிமுலேட்டரைத் தனியாக ஓட்டி, ஓட்டம், என்தால்பி, அடி அழுத்தம் ஆகியவற்றுக்கு ஒரு அட்டவணை தயாரித்து ரிசர்வாயர் சிமுலேட்டரான டஃப்2-க்குக் கொடுப்பார்கள். அதற்கென்றே அதில் ஒரு கிணற்று வகை உண்டு. தொடங்கும் நேரத்து ஊசலாட்டம், மூடித் திறக்கும்போது நடப்பது இவை வேண்டுமென்றால்தான் இணைத்துத் தீர்ப்பது.

வெறும் தண்ணீர் மட்டும் ஓடும், பம்ப் வைத்த இரட்டைக் கிணற்றுக்கு நெதர்லாந்து ஆய்வு நிறுவனமான டிஎன்ஓ-வின் டப்ளெட்கால்க் மென்பொருள் போதும். மான்டே கார்லோ உள்ளேயே இருக்கிறது. ஃபிளாஷ் நடக்கும் கிணற்றுக்கு அது இல்லை.

வெந்நீர்த்தூண்

மூன்றுபுள்ளி சொன்னதை இன்றைய ஓட்டத்துக்கு ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் யாரும் இன்றைய ஓட்டத்தைக் கேட்டு மான்டே கார்லோ ஓட்டுவதில்லை, அதை அளந்தே சொல்லிவிடலாம். பத்து வருடம் கழித்து என்ன என்பதுதான் கேள்வி. அங்கே இந்தப் பூஜ்யங்கள் மறுபடி வரும், அப்போது அவற்றை நீக்க எந்தச் சோதனையும் கையில் இருக்காது.

ஏன் என்பதற்கு ஒரு கணக்கு. கீழ்ச் சோனிலிருந்து 44 கிலோ வருகிறது, கிணற்றுக்குள் அந்த ஆழத்தில் பாயும் அழுத்தம் 90 பார் என்று வைத்துக்கொள்வோம். சோனின் அழுத்தம் 100 என்றால் பிஐ 4.4. 97 என்றால் பிஐ 6.3. இரண்டு சாம்பிளும் சோதனைக்குச் சமமாகப் பொருந்தும், இரண்டுக்கும் ஒரே எடை. இப்போது ரிசர்வாயர் 5 பார் இறங்கட்டும். பாயும் அழுத்தத்தை அதே 90-இல் வைத்துப் பார்த்தால் முதலாவது 22 கிலோ தரும், இரண்டாவது 12.6. நிஜத்தில் ஓட்டம் குறையும்போது பாயும் அழுத்தமும் கொஞ்சம் நகரும். ஆனாலும் போக்கு இதுதான். இன்று கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம் நாளைக்கு ஏறக்குறைய இரட்டிப்பு. அதனால் சோதனைக்குப் பொருத்திய சாம்பிள்களிலிருந்து பிஐ-க்கு ஒரு பரவல், அழுத்தத்துக்கு ஒரு பரவல் என்று பிரித்து எடுத்து மறுபடி குலுக்கக் கூடாது. ஜோடி ஜோடியாக, சாம்பிள் வரிசை கலையாமல், அப்படியே எதிர்காலத்துக்குத் தள்ள வேண்டும்.

படிமத்தையும் (குழாய்ச் சுவரில் படியும் கால்சைட்) சேருங்கள். உங்கள் கிணற்றில் ஃபிளாஷ் எங்கே? 255 டிகிரியில் கொதிநிலை அழுத்தம் 43 பார். அடியில் 90 பார் பாயும்போது 47 பார் இறங்க வேண்டும், மீட்டருக்கு 0.0776 பார் வீதம் சுமார் 605 மீட்டர். ஃபிளாஷ் 955 மீட்டரில். இதில் கார்பன் டைஆக்சைடு 0.5 சதவீதம் கலந்தால்? மோல் பின்னம் 0.00205, ஹென்றி மாறிலி 250 டிகிரி சுற்றிச் சுமார் 5000 பார், ஆக வாயுவின் பங்கழுத்தம் 10 பார். குமிழி தோன்றுவது 53 பாரில், ஆழம் 1080 மீட்டருக்குப் போய்விடும். அரை சதவீத வாயு ஃபிளாஷ் இடத்தை 125 மீட்டர் கீழே இறக்குகிறது. கால்சைட் படிவது அங்கிருந்து மேலே கொஞ்ச தூரம். அந்த இடம் முழுக்க 7 அங்குல லைனருக்குள்: உள்விட்டம் சுமார் 159 மி.மீ. சுவரில் 10 மி.மீ. படிந்தால் 139. உராய்வு விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்கு எதிராகப் போவதால் அந்தத் துண்டில் உராய்வு ஏறக்குறைய இரட்டிப்பு. ஆகவே படிம ஆழத்தைத் தனி மாறியாக எடுக்காதீர்கள். அது வாயு அளவோடும் பாயும் அழுத்தத்தோடும் கட்டுண்டது, ஒவ்வொரு சாம்பிளிலும் கணக்கிட்டு எடுக்க வேண்டியது.

மூன்றுபுள்ளி

ஜோடியைக் கலைக்காமல் தள்ளுவது சரி, நானும் அதைத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

1000 ரன் போதுமா என்ற கேள்விக்கு யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை. எடையில்லாத 1000 சாம்பிளை வரிசைப்படுத்தினால் பி90 என்பது கீழிருந்து 100-ஆவது. அதன் 95 சதவீத நம்பக எல்லை 81-ஆவதிலிருந்து 119-ஆவது வரை. அந்த இரண்டு இடத்திலும் என்ன ஓட்டம் இருக்கிறது என்று பாருங்கள். 49-உம் 50-உம் என்றால் போதும். 30-உம் 45-உம் என்றால் போதாது. பயனுள்ள எண்ணிக்கை 300 என்றால் அதே கணக்கை 300-க்குப் போடுங்கள். லாட்டின் ஹைப்பர்கியூப் சராசரியை நன்றாகச் சீராக்கும், வால்பகுதிக்கு அவ்வளவு உதவாது.

எந்த மாறி முக்கியம் என்று அறிய சோபோல் குறியீடு எடுக்க நினைத்தால், 9 மாறிக்கு அடிப்படை 512 வைத்தால் 512 × 11, அதாவது 5632 ரன். முதலில் மோரிஸ் முறையில் 20 பாதை, 200 ரன்னில் வேண்டாதவற்றைக் கழித்துவிடலாம். சொரசொரப்பு பெரும்பாலும் அங்கேயே விழுந்துவிடும். ஒரு எச்சரிக்கை: வழக்கமான சோபோல் மாறிகள் ஒன்றையொன்று சாராதவை என்று எடுத்துக்கொள்ளும். சோதனைக்குப் பொருத்திய பின் பிஐ-யும் அழுத்தமும் சார்ந்துவிட்டன. ஆகவே சோபோலைப் பொருத்துவதற்கு முந்தைய பரவலில் மட்டும் ஓட்டுங்கள்.

வேகத்துக்காகச் சிமுலேட்டருக்குப் பதிலாக ஒரு பதிலி மாதிரி, காசியன் பிராசஸ் போன்றது கட்டினால், ஓடும்–ஓடாது எல்லையில் அது வழுக்கும். 25 கிலோவிலிருந்து பூஜ்யத்துக்கு ஒரே படியில் விழும் பாறைமுனையை அது மென்மையான சரிவாக வரைந்து, நடுவே 8 கிலோ, 12 கிலோ ஓடும் கிணறுகளைக் கற்பனை செய்யும். அதிகபட்ச வெளியேற்ற அழுத்தத்துக்கு ஒரு பதிலி, ஓடுகிற சாம்பிளின் ஓட்டத்துக்கு வேறொரு பதிலி. உச்சி அழுத்தம் தொடர்ச்சியான அளவு, அதைப் பதிலி நன்றாகப் பிடிக்கும்.

அடிக்குழாய்

20,000 சாம்பிள், நான்கு சூத்திரம், பொதுப் பிழை எல்லாம் சேர்த்து ஓட்டியாயிற்று. பயனுள்ள எண்ணிக்கை 540. இன்று 8 பாரில் பி90 51, பி50 54, பி10 58. அதே சாம்பிள்களை அப்படியே வைத்து இரண்டு சோனின் அழுத்தத்தையும் 10 பார் இறக்கினால், எடையில் 14 சதவீதம் ஓடவில்லை. மறுபடி பி90 பூஜ்யம்! இம்முறை நீக்கக் காரணம் இல்லை என்று புரிகிறது. இதை அறிக்கையில் எப்படி வைப்பது? கூடவே, மேற்கேசிங் 13⅜ அங்குலமாக இருக்கும் மாற்றுக் கிணற்றோடு ஒப்பிடவும் கேட்கிறார்கள்.

வெந்நீர்த்தூண்

ஒரே எண்ணாக வைக்காதீர்கள். இரண்டு வரி: 8 பாரில் ஓடாமல் போகும் வாய்ப்பு 14 சதவீதம், ஓடினால் பி90, பி50, பி10 இவ்வளவு. கூடவே வெல்ஹெட் அழுத்தம் 5, 6, 7, 8 பாருக்கு அந்த ஓடாத வாய்ப்பு எப்படி மாறுகிறது என்று ஒரு கோடு. முழு வளைகோடும் சேமித்திருப்பதால் புதிதாக ஒரு ரன்னும் வேண்டாம். பிரிப்பான் அழுத்தத்தை இறக்கினால் கிணறு பிழைக்குமா என்பதுதான் அதைப் படிப்பவர் எடுக்க வேண்டிய முடிவு. பி90 பூஜ்யம் என்ற ஒற்றை எண் அதைச் சொல்லாது. பி90 என்றால் மிஞ்சும் வாய்ப்பு 90 சதவீதம் என்று முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள், தலைகீழாகப் பயன்படுத்துபவர்களும் உண்டு.

அழுத்தம் பார்-கேஜா அப்சல்யூட்டா என்றும் எழுதுங்கள். ஓடாத எல்லைக்கு அருகே ஒரு பார் வித்தியாசம் பெரிசு.

13⅜-க்குத் தனியாக சாம்பிள் குலுக்காதீர்கள். அதே சாம்பிள், அதே எடை, விட்டம் மட்டும் மாற்றி ஓட்டி, ஒவ்வொரு சாம்பிளிலும் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை எடுத்து அந்த வித்தியாசத்துக்குப் பரவல் வரையுங்கள். தனித்தனியாகக் குலுக்கினால் குலுக்கலின் இரைச்சலே விட்டத்தின் பயனை மறைத்துவிடும். பெரிய குழாய் எல்லா சாம்பிளிலும் நல்லது என்று எதிர்பார்க்காதீர்கள்: ஓட்டம் குறைவான சாம்பிள்களில் நீராவி தண்ணீரை விட்டுவிட்டு முன்னால் ஓடும், தண்ணீர் தேங்கித் தூண் கனமாகும், உச்சி அழுத்தம் குறையும். இன்று அதிகம் தரும் கிணறு, அழுத்தம் இறங்கியதும் முதலில் நிற்கலாம்.

அழுத்தமானி

கடைசியாக ஒன்று. இதே முறையில் பக்கத்துக் கிணறுகளையும் கணக்கிட்டு பி90-களைக் கூட்டி மொத்த வயலின் பி90 என்று எழுதுவார்கள். கிணறுகள் தனித்தனி என்றால் அந்தக் கூட்டல் மிகவும் கஞ்சத்தனம். ஆனால் எல்லாக் கிணறும் ஒரே ரிசர்வாயர் அழுத்தத்தைக் குடிப்பவை. தனித்தனி என்று வைத்துக் குலுக்கினால் மொத்தம் மிகவும் தாராளம். ரிசர்வாயர் இறக்கத்தை ஒவ்வொரு குலுக்கலிலும் எல்லாக் கிணற்றுக்கும் பொதுவாக ஒருமுறை எடுத்து, பிஐ-யை மட்டும் கிணற்றுக்குக் கிணறு மாற்றுங்கள். 8 பாரில் 1150 கிலோஜூலுக்கு நீராவிப் பங்கு 0.21, ஓட்டத்தைக் கூட்டுவதற்கு முன்பே ஒவ்வொரு கிணற்றிலும் நீராவியாக மாற்றிவிடுங்கள், என்தால்பியும் கிணற்றுக்குக் கிணறு வேறு.